கடைசி வரிசையில் ஒரு பெயர்

"அந்தப் பேரை அழிச்சுடுங்க. இப்பவே, நான் இங்க இருக்கும்போதே!"

கர்னல் வாய்க்குக் கொண்டுபோன தேநீர்க் கோப்பையை அப்படியே மேசையில் வைத்தார். அந்தப் பழைய ராணுவப் பள்ளிக்கு அவர் தலைவராகி வந்ததிலிருந்து எத்தனையோ கோரிக்கைகளைக் கேட்டுவிட்டார். இப்படி ஒன்றைக் கேட்டதில்லை.

எதிரே உட்கார்ந்திருந்த அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். தலை சரியாக வாரவில்லை. ஒரு காலில் கறுப்புச் செருப்பு, மறு காலில் பழுப்புச் செருப்பு. கிடைத்ததை மாட்டிக்கொண்டு ஓடி வந்திருக்கிறார் போல.

முன்மண்டபத்துச் சலவைக்கல் சுவரில், அங்கே படித்துப் போரில் உயிர்விட்டவர்களின் பெயர்கள் செதுக்கப்பட்டிருந்தன. கடைசி வரிசையில் கடைசிப் பெயர் இவருடைய மகனுடையது. பாலம் தகர்க்கப்பட்டபோது ஆற்று வெள்ளத்தோடு போனவர்களில் அவனும் ஒருவன்.

"அம்மா, இந்தப் பள்ளிக்கூடம் ஒரு குதிரை லாயத்துலதான் ஆரம்பிச்சது. அதுக்கப்புறம் எவ்வளவோ மாறிப்போச்சு. ஆனா அந்தச் சுவர்ல ஏறின பேரு ஒண்ணுகூட இறங்கினதில்ல."

"இறங்கட்டுமே! எதுக்கும் முதல் தடவைன்னு ஒண்ணு இருக்கத்தானே செய்யும்?"

"நாளைக்குப் பள்ளி ஆரம்பிச்ச நாள். ஒவ்வொரு பேரா வாசிப்போம். வாசிக்க வாசிக்க, கேடட்டுங்க எல்லாரும் ஒரே குரல்ல 'இருக்கிறார்!'னு சொல்லுவாங்க. கேக்கறவங்களுக்கு உடம்பு சிலிர்த்துடும். உங்க பிள்ளைக்கு அது பெரிய மரியாதைம்மா."

"அந்த மரியாதைதான் வேணாங்கறேன். செத்தவங்களோட சேர்த்து அவன் பேரை வாசிக்கக் கூடாது. அழிக்க முடியலைன்னா ஒரு பேப்பரையாவது ஒட்டி மறைங்க."

மகன் சாவை ஒப்புக்கொள்ளாத தாய்மாரைக் கர்னல் பார்த்திருக்கிறார். ஒருவர் பதக்கத்தை வாங்க மறுத்துக் கதவைச் சாத்திக்கொண்டார். இன்னொருவர் வந்து அவர் சட்டையைப் பிடித்து உலுக்கிவிட்டுப் போனார்.

"எங்க மேல கோபமாம்மா?"

"சே சே! நீங்க அவனுக்கு என்ன குறை வெச்சீங்க?"

பேச்சை மாற்றினால் மனம் ஆறுமோ என்று நினைத்தார் கர்னல். "அவன் படிச்சப்போ நான் இங்க பயிற்சியாளர், நான்தான் அவனுக்கு அணிவகுப்பு சொல்லிக் குடுத்தேன். பசங்க அவனைக் கும்பகர்ணன்னுதான் கூப்பிடுவாங்க. ஒருநாள் காலையில படுக்கைகளைச் சோதிக்கப் போனேன். அவன் படுக்கையில ஒரு சுருக்கம் இல்ல. பலே, திருந்திட்டான்னு நினைச்சேன். பார்த்தா, கட்டிலுக்கு அடியிலேர்ந்து குறட்டை! விரிச்சதைக் கலைக்கக் கூடாதுன்னு ராத்திரி முழுக்கத் தரையில தூங்கியிருக்கான்."

அந்த அம்மாள் சிரித்தார். சாதாரணச் சிரிப்பில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"அவன் குறட்டை தெருமுனை வரைக்கும் கேக்குமே!" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கர்னல் ஏதோ ஃபைலைத் தேடுகிற பாவனையில் வெளியே போய் உதவியாளரிடம் கிசுகிசுத்தார். "டாக்டரம்மாவைக் கூப்பிடு. பாவம், துக்கம் தலைக்கேறிடுச்சு போலிருக்கு."

திரும்பி வந்து நிதானமாகக் கேட்டார். "சரிம்மா. ஏன் அழிக்கணும்? ஒரு காரணம் சொல்லுங்க, போதும்."

அந்த அம்மாள் வாயைத் திறந்தார். உடனே உதட்டைக் கடித்து மூடிக்கொண்டார்.

"சொல்ல மாட்டேன். வாக்குக் குடுத்திருக்கேன்."

"யாருக்கு?"

"அதையும் சொல்ல மாட்டேன்."

கர்னல் பெருமூச்சு விட்டார். அதற்குள் பள்ளி மருத்துவர் பையோடு வந்துவிட்டார். இளம்பெண், கனிவான முகம். அம்மாளின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கையைப் பிடித்து நாடி பார்த்தார்.

"ரொம்பப் படபடன்னு அடிக்குதேம்மா. ராத்திரி தூங்கினீங்களா?"

"எங்க தூங்க? பொட்டுக் கண்ணு மூடலை."

"சாப்பிட்டீங்களா?"

"சாப்பாடா? அது ஞாபகமே வரலை கண்ணு!" மறுபடியும் சிரிப்பு.

மருத்துவர் கர்னலைப் பார்த்தார். கர்னல் மெல்லத் தலையசைத்தார்.

"ஒண்ணும் இல்லம்மா. ஒரே ஒரு ஊசி. போட்டுக்கிட்டா நிம்மதியாத் தூங்குவீங்க."

"ஊசியா!" அம்மாள் துள்ளி எழுந்தார். இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இவர்கள் தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. விடுவிடுவென்று போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

"நீங்க ராணுவத்துக்காரர். ரகசியத்தைக் காப்பாத்துவீங்கதானே?"

"சொல்லுங்கம்மா" என்றார் கர்னல், குழந்தையிடம் பேசுவது போல.

"ஆத்தோட போனவங்கள்ல சிலரை எதிரிங்க கரையில பிடிச்சு வெச்சிருந்தாங்க. இப்ப ஒவ்வொருத்தரா விடறாங்க. மத்தவங்களும் வந்து சேர்ற வரைக்கும் மூச்சு விடக் கூடாதுன்னு உத்தரவு. ஆனா நீங்க ஊசி வரைக்கும் போயிட்டீங்களே, இனி என்ன செய்ய?" மருத்துவரின் பையை எடுத்து அவர் கையிலேயே திணித்தார். "அந்த ஊசியை எனக்குப் போடாதே கண்ணு, ஓடு, கீழே வண்டியில கால் வீங்கிப் போய் உட்கார்ந்திருக்கான், என் ஒரே பிள்ளை!"