வார்த்தை வேண்டாத மெட்டு

ஒரு கன்னத்தில் சோப்பு நுரை. அப்படியே சலூனிலிருந்து எழுந்து வந்துவிட்டார் அக்கார்டியன்காரர்.

முடிதிருத்துகிறவர் செய்த குற்றம், கத்தியும் கையுமாக அந்தப் பாட்டைப் பாடினதுதான்.

மாடிப்படி அதிர ஏறி, மச்சினன் அறைக்குள் நுழைந்தார்.

"நல்லா இருடா சாமி! என் மெட்டைத் தூக்கிட்டுப் போய் இப்படிச் சந்தி சிரிக்க வச்சிட்டியே!"

"என்ன மாமா, பாதி ஷேவிங்ல வந்திருக்கீங்க?"

"பேச்சை மாத்தாதே. டான்ஸ் ஹால்ல அதை வாசிச்சா ஒருத்தன் உக்காந்திருப்பானா? வார்த்தையே வேணாம், கால் தானா எழுந்துக்கும். அதுல போய் வார்த்தையைத் திணிச்சு, யாரோ ஒரு பொண்ணைப் பாட வச்சு, ரேடியோவுக்கும் குடுத்திருக்கே. என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா விட்டிருப்பீங்களா?"

"செத்தாலும் விட்டிருக்க மாட்டேன்!"

அதுவும் உண்மைதான். மனுஷர் பிடிவாதம் ஊரறிந்தது.

"எழுதினதுதான் எழுதினே, உருப்படியா எழுதித் தொலைக்கக் கூடாதா? 'வா வா போவோம் வா, ஆடவே போவோம் வா!' குழந்தைக்குச் சோறு ஊட்டறப்பகூட இதைவிட நல்லாப் பாடுவாங்க. நீயெல்லாம் கவிஞனாம்!"

மச்சினன் தலையைச் சொறிந்தான். "ஊரே பாடுதே மாமா."

"பாடும், பாடும். நாளைக்கே ரேடியோ ஆபீசுக்குப் போறேன். வெறும் வாத்தியமாப் போடு, இல்லேன்னா போடவே போடாதேன்னு சொல்லிட்டு வந்துடறேன்."

மச்சினன் முகம் மாறிவிட்டது. அவர் கையைப் பிடித்து இழுத்துப் போய் ஜன்னலோரம் நிறுத்தினான்.

எதிர்வீட்டுச் சுவரில் ஏணி போட்டு, வாயில் சிகரெட்டோடு ஒரு பெயின்டர். முணுமுணுப்பது அதே பாட்டுதான். கீழே, கேட்டைப் பிடித்தபடி அக்கார்டியன்காரரின் மனைவி. பெயின்டர் வாயையே அண்ணாந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காய்ச்சல்ல அக்காவுக்குக் காது போனப்புறம் நீங்க போட்ட மெட்டு மாமா அது. ஊரே ஆடுச்சு. ஒருநாள் என்கிட்ட வந்து, 'அவர் மெட்டு எப்படிடா இருக்கும்?'னு கேட்டுச்சு. நான் என்னத்தைச் சொல்ல? உங்களுக்குத் தெரிஞ்சா மனசு உடைஞ்சிடுவீங்களாம். சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கிக்கிச்சு."

அக்கார்டியன்காரர் ஜன்னலோடு ஒட்டி நின்று கீழே பார்த்தார்.

"வாத்தியத்துக்கு உதடு ஏது? அதான் வார்த்தை போட்டேன். தூரத்துலேர்ந்து பாத்தாலும் புரியணும்னு, வாயைத் திறந்து மூடற வார்த்தையாத் தேடித் தேடிப் போட்டேன். இப்பத் தெருவுல போறவங்க வாயைப் பாத்துப் பாத்து, உங்க மெட்டை அக்கா..."

மச்சினன் கீழே கையைக் காட்டினான்.

அக்கார்டியன்காரர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினார்:

"யோவ் பெயின்டரே! அந்தச் சிகரெட்டைத் துப்புய்யா! வாயை நல்லாத் திறந்து பாடு!"