சொதியில் மீன் வாடை

அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு, மீன் எண்ணெய் மாத்திரையை ஊசியால் குத்தினார் குத்தாலிங்கம்.

முழுதாகக் கொடுத்தால் மனைவி ஆனந்தவள்ளி துப்பிவிடுகிறாள். அதனால் பிதுக்கி, சொதியில் விட்டுக் கலக்கினார். தேங்காய்ப்பால் மீன் வாடையை அமுக்கிவிடும் என்று ஒரு நம்பிக்கை. போலீஸ் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்ற மனுஷனுக்குச் சமையலில் வேறென்ன தெரியும்? அந்தச் சொதியே அவள் நல்லா இருந்தபோது சொல்லிக்கொடுத்ததுதான்.

வல்லாரைப் பொடி கொடுத்துப் பார்த்தாயிற்று. குற்றாலத்துக் கடைக்காரர் கைகாட்டிய லேகியமும் ஆயிற்று. தென்காசி டாக்டர்தான் ஒளிக்காமல் சொன்னார்: மீன் எண்ணெயால் இந்த மறதி நோய் தீரும் என்று உறுதி கிடையாது, மனசு கேட்காவிட்டால் கொடுத்துப் பாருங்கள் என்று.

மனசு கேட்கவில்லை.

அவள் சைவ வீட்டுப் பெண். இவர் வீட்டிலோ மீன் இல்லாமல் யாருக்கும் சோறு இறங்காது. இலஞ்சிக் கோயிலில் மாலை மாற்றியபோது இரண்டு வீட்டிலிருந்தும் ஒருவரும் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. பிள்ளையும் இல்லை. அப்படி ஒரு கல்யாணம் நடந்தது என்று சொல்ல இந்த உலகத்தில் அவள் ஒருத்திதான் இருந்தாள்.

அவளும் மறந்துவிட்டால், இத்தனை வருஷ வாழ்க்கையும் தன் தலைக்குள் மட்டும் அநாதையாகக் கிடக்கும். அவருக்கு அந்தப் பயம்தான்.

வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. தட்டை அவள் முன்னால் வைத்தார்.

ஒரு வாய் எடுத்தவள், பாதியில் நிறுத்தி முகர்ந்தாள். கண்ணில் பளிச்சென்று ஒரு தெளிவு வந்தது. அதைப் பார்த்து வெகுநாளாகிறது. ‘என்னங்க’ என்று கூப்பிட்டுவிடுவாள் என்றே நினைத்தார்.

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

“அண்ணாச்சி, சொதில மீன் வாடை அடிக்கி. எங்க வீட்டுக்காரவுக வந்தா சொல்லிராதீக. எனக்காவ மீனை விட்டவுக. வாடை பட்டா மனசு கெடந்து தவிக்கும், பாவம்.”

“சரிம்மா. சொல்லல.”

வீட்டுக்காரர் வந்ததும் சேர்ந்து சாப்பிடுவதாகச் சொல்லி, அவள் தட்டை மூடி வைத்தாள். வாசலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

குத்தாலிங்கம் கொல்லைக்குப் போய்க் கை கழுவினார். சோப்புப் போட்டார். புளியை வைத்துத் தேய்த்தார். பிறகு சாரலில் நனைந்துகொண்டே வீட்டைச் சுற்றி முன்வாசலுக்கு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தக் காலத்தில் டியூட்டி முடிந்து வரும்போது செருமுவதுபோலச் செருமினார்.

“வந்துட்டாக” என்று உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது. அவள் எழுந்து வரும் கொலுசுச் சத்தமும் கேட்டது.

படியில் நின்றபடி அவர் விரலை முகர்ந்து பார்த்தார்.

வாடை போகவில்லை.