கேமரா போட்ட சிரிப்பு

கேளிக்கைப் பூங்காவின் ஒரு வாசலை ஒட்டிய போட்டோ கவுண்டரில் எஸ்தர் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே நின்றாள். அவளுடைய நான்கு வயது மகள் ரூஃபினா காணாமல் போய் ஒரு மணி நேரமாகியிருந்தது. காலையில் ராட்டினத்தின் முன்னால் எடுத்த படத்தை ஆறு வாசல்களின் கேமராக்களுக்கும் அனுப்பியிருந்தார்கள். அந்த முகமுள்ள குழந்தை வெளியேறப் போனால் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும்.

படத்தில் சிறுமி பல் தெரியச் சிரித்தாள்.

"இது எம்பொண்ணு முகமே இல்ல தம்பி. பொறக்கும்போதே மேலுதடு பிளந்திருந்துச்சு. தையல் போட்ட தழும்பு இருக்கும். போட்டோன்னா சிரிக்கவே மாட்டா. நீங்க மாத்தாம எடுத்ததக் குடுங்க."

படமெடுத்த ஞானசேகர் தலைகுனிந்தான். "கேமராவே தழும்ப அழிச்சு, சிரிக்க வச்சுத்தான்க்கா எடுக்குது. வேற படம் கிடையாது. உங்க போன்ல இல்லையா?"

"அதுலயும் இப்படித்தான் சிரிக்கிறா."

அவன் படத்தை அச்சிட்டுக் கொடுத்தான். எஸ்தர் பேனாவை வாங்கி, மூக்கிலிருந்து உதடுவரை ஒரு கோடு போட்டாள். வாசல்களுக்கு அனுப்ப அதைக் கவுண்டர் கேமராவில் மறுபடி படமெடுத்தார்கள். திரையில் கோடு மறைந்தது. குழந்தை முன்னைவிட அழகாகச் சிரித்தாள்.

"நீங்க இங்கயே நின்னு பாருங்கக்கா. அடுத்த வாசலுக்கு நான் ஓடுறேன்," என்றான் ஞானசேகர்.

எஸ்தர் மண்டியிட்டு, வெளியே போகும் ஒவ்வொரு குழந்தையின் உதட்டையும் பார்த்தாள். மற்ற நான்கு வாசல்களில் பார்க்க ஆளில்லை. அங்கே கேமராக்கள் அந்தச் சிரிப்பைத் தேடிக்கொண்டிருந்தன.