நான்காம் மாடித் தடை

ராஜரத்தினம் கமருன்னிசாவின் கதவில் நோட்டீசை ஒட்டிவிட்டு, மூலைகளைக் கட்டைவிரலால் ஆசையாக நீவினார். ‘பராமரிப்புப் பாக்கி தீரும்வரை இந்த வீட்டை விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. குடியிருப்போர் சங்கம்.’

“ஏண்ணே, என் வீட்டுக்கே விலங்கா?”

“சங்கத்து வழக்கம், தங்கச்சி,” என்றார் சங்கத் தலைவரான அவர், முகத்தைப் பாராமலே.

கணவர் காலமானதிலிருந்து கட்டாமல் விட்டுப்போன லிஃப்ட், தண்ணீர் மோட்டார் பராமரிப்புக் காசைக் கட்டக் கமருன்னிசா இந்த வாரமே இரண்டு தடவை அவரிடம் போனாள். ரசீதுப் புத்தகம் தீர்ந்துவிட்டது என்றார். பொருளாளர் த்வாண்டே ஊருக்குப் போயிருக்கிறார் என்றார். பக்கத்து வீடு ராஜரத்தினத்துடையது. நடுச்சுவரை இடித்தால் மிங்கலா தாங்ஞுன்ட் பேட்டையிலேயே பெரிய வீடு அதுதான்!

சாயங்காலம் தம்பி பாசில் வந்தான். அவளுக்கும் கணவருக்கும் குடியுரிமை அட்டை இல்லாததால், அவர் சம்பாதித்து வாங்கிய வீடு பாசில் பெயரில் இருந்தது. யாங்கோனில் ஊரறிந்த ஏற்பாடுதான்.

பெருநாளுக்குக்கூட வெறுங்கையோடு வருகிறவன், அன்று பணக்கட்டோடு வந்திருந்தான்.

“அந்தாளு என் கையால வாங்க மாட்டேங்கிறான், லாத்தா. குடியிருக்கிறவங்கதான் கட்டணுமாம். நீ போய் மூஞ்சில எறிஞ்சுட்டு, தடை இல்லன்னு கையெழுத்து வாங்கிட்டு வா. இன்னைக்கே வேணும்.”

“கூடப் பொறந்த பொறப்புன்னா நீதான்டா!” கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்ப் பக்கத்துக் கதவை இடித்தாள்.

“இந்தாங்க, எண்ணிக்கிடுங்க. என் வீட்டு மேல வச்ச கண்ணை எடுங்க!”

ராஜரத்தினம் பணத்தைத் தொடவில்லை. அவள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவை ஒருக்களித்தார்.

“போன மாசம் நீங்க பசுந்தாங் பக்கம் போயிருந்தப்ப, உங்க தம்பி ரெண்டு பேரைக் கூட்டியாந்து வீட்டைக் காட்டினாரு. அட்வான்சும் வாங்கிட்டாராம். சங்கத்துத் தடை இருக்கிற வீட்டை எவனும் எழுதி வாங்க மாட்டான்.”

“இதை... அப்பவே சொல்றதுக்கென்ன?”

“சொன்னா நம்பியிருப்பீங்களா? தம்பியாச்சே.”

பணக்கட்டு அவள் கையில் கனத்தது. “இப்ப நான் என்ன செய்ய, அண்ணே?”

“பாக்கியை மட்டும் கட்டிடாதீங்க.”