மூணாம் பாகம் நல்ல படம்தான்

“அந்த கேம்ல கதைன்னு ஏதாவது இருக்கா மேடம்? ஓடு, குதி, செத்துப்போ. மறுபடியும் ஓடு. இதுக்கு எதுக்கு அவ்வளவு விளம்பரம்?”

நீலத் துணிக்குக் கீழே ஒருக்களித்துப் படுத்தபடி அவர் கேட்டார்.

துணிக்கு அந்தப் பக்கம் அவருடைய மண்டை திறந்திருந்தது.

நான் இந்தப் பக்கம், அவர் முகத்துக்கு நேராக, ஒரு குட்டை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நோயாளியைப் பேச வைப்பதுதான் என் வேலை. சர்ஜன் மூளைக் கட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டிருப்பார். நோயாளி விழித்தபடி பேசிக்கொண்டிருக்க வேண்டும். பேச்சில் கோளாறு தெரிந்தால் நான் கையைத் தூக்குவேன். கருவி அங்கேயே நின்றுவிடும்.

அவசரப்பட்டுத் தூக்கினால் கட்டி உள்ளே தங்கிவிடும். தாமதித்தால் கட்டியோடு மனிதரும் போய்விடுவார்.

“வார்த்தையை மட்டும் பாக்காதீங்க. ஆளே மாறிடக்கூடிய இடம் அது. ஆள் மாறினாலும் சொல்லுங்க” என்று சர்ஜன் காலையில் சொல்லியிருந்தார்.

ஆள் மாறியதை எப்படிக் கண்டுபிடிப்பது? நோயாளியின் மனைவி வெளியே காத்திருந்தார்; உள்ளே வருமுன் அவரிடம் கேட்டேன். கணவரின் மூக்குக்கண்ணாடியை உள்ளங்கைகளில் பொத்தி வைத்திருந்தார்.

“கேம், அனிமே, சினிமா, போன்னு எதை எடுத்தாலும் ஒரு கருத்து வச்சிருப்பார் மேடம். எங்க மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வர்ற கஸ்டமரோடகூட மல்லுக்கு நிப்பார். லேசுல எதையும் ஒத்துக்க மாட்டார். ஒத்துக்கிட்டார்னா அது அவர் இல்ல” என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். “திட்டிக்கிட்டே வரட்டும் மேடம். எனக்கு அது போதும்.”

ஆகவே நான் எல்லாவற்றையும் புகழ்ந்தேன்.

மடிக்கிற போன் அருமை என்றேன்.

“கைக்குட்டையா மேடம், மடிச்சு வச்சுக்க?”

அனிமே என்கிற ஜப்பான் கார்ட்டூன்களை டப்பிங்கில் பார்ப்பதுதான் சுகம் என்றேன்.

“ஹீரோ கதறி அழுவான். குரல் குடுக்குறவரு வானிலை அறிக்கை வாசிச்சுட்டு இருப்பாரு. இதுல என்ன சுகம்?”

இப்போதெல்லாம் போனே நமக்காக யோசிக்கிறதே என்றேன்.

“அப்போ எனக்கு எதுக்கு மேடம் இவ்வளவு செலவு பண்ணி மூளையை ரிப்பேர் பாக்குறீங்க?”

மயக்க மருந்து டாக்டர் முகக்கவசத்துக்குள் குலுங்கிச் சிரித்தார். நானும் சிரிப்பு மாறாத குரலில் பேசிக்கொண்டே போனேன். உள்ளுக்குள் ஒரே பிரார்த்தனைதான். இறைவா, இந்த வாயை அடைத்துவிடாதே. இந்த அடாவடியை இப்படியே விட்டு வை.

துணிக்கு அப்பால் கருவியின் சத்தம் தணிந்தது.

“ஆழத்துக்கு வந்துட்டோம். பேச்சை விட்டுடாதீங்க” என்றார் சர்ஜன்.

கைவசம் வைத்திருந்த பெரிய அஸ்திரத்தை எடுத்தேன். கலங்கரை விளக்கத்தில் தனியாக வாழும் ரோபோவைப் பற்றிய அனிமே படம், மூன்று பாகம். முதல் இரண்டையும் தலையில் வைத்துக் கொண்டாடுபவர், மூன்றாவதைப் பாதியிலேயே விட்டுவிட்டு எழுந்து வந்தாராம். அந்த இயக்குநரை இன்னும் மன்னிக்கவில்லை என்று மனைவி சொல்லியிருந்தார்.

“எனக்கு அந்த ரோபோ படத்துல மூணாம் பாகம்தான் ரொம்பப் பிடிக்கும் சார்.”

அவர் என்னையே பார்த்தார்.

“ஆமா மேடம்” என்றார், மெதுவாக. “மூணாம் பாகம் நல்ல படம்தான்.”

என் கை தானாக மேலே போயிற்று.

கருவி நின்றது.

“என்னாச்சு?” என்றார் சர்ஜன்.

“ஒத்துக்கிட்டார் சார்.”

யாரும் சிரிக்கவில்லை.

பட அட்டைகளைக் காட்டிப் பெயர் கேட்கச் சொன்னார் சர்ஜன். காட்டினேன். குடை, ஏணி, சாவி, வாளி. நோயாளி பிசகாமல் சொன்னார். எந்தச் சொல்லும் குழறவில்லை.

“வார்த்தை இருக்கு. ஆள் இருக்காரா?” துணிக்கு அப்பாலிருந்து சர்ஜனின் குரல் வந்தது. “கொஞ்சம்தான் மிச்சம். அப்படியே விட்டுட்டு மூடிடலாம். ஆனா விட்டது வளரும். நீங்கதான் சொல்லணும்.”

நான்தான் சொல்ல வேண்டும். எதற்கும் தலையாட்டுகிற ஒரு சாதுவை அந்த அம்மாவிடம் கொண்டுபோய் எப்படி ஒப்படைப்பேன்? இல்லை, பயந்துபோய் நிறுத்திவிட்டு, சாவை அவர் தலைக்குள்ளேயே வைத்துத் தைத்து அனுப்புவேனா?

“சார்” என்று குனிந்தேன். “அந்தப் படம் உங்களுக்கு நெஜமாவே பிடிச்சிருக்கா?”

அவர் கண்கள் என்னைவிட்டு விலகின.

மயக்க மருந்து டாக்டரைப் பார்த்தார். துணியைப் பார்த்தார். உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை.

போயிற்று என்று நினைத்தேன். பேச்சும் போயிற்று. இரண்டாவது முறையும் கையைத் தூக்கப் போனேன்.

அவர் புருவத்தை உயர்த்தி, கண்ணால் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

காதை அவர் வாயருகே கொண்டுபோனேன்.

“குப்பைப் படம் மேடம்.” மற்றவர்களுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று அவர் கிசுகிசுத்தார். “சிரிச்சு சிரிச்சுதான் பேசுறீங்க. ஆனா ரொம்ப நேரமா உங்க குரல் அழுவுது. பாவம், இது ஒண்ணையாவது விட்டுக்குடுப்போமேன்னுதான்...”

நிமிர்ந்தேன். இந்த முறை குரலைச் சரிசெய்துகொள்ளவில்லை.

“அவரேதான் சார்” என்றேன். “மிச்சத்தையும் எடுங்க.”