அம்மா கைமணம்

"எங்கம்மா கைமணம் அப்படியே வருது பாருங்க, சம்பந்தி."

முதலாளி இரண்டாவது கிண்ணம் சாம்பாரைக் குடித்து முடித்து, உதட்டை நாக்கால் துழாவிக்கொண்டே சொன்னார். எதிரே உட்கார்ந்திருந்த சம்பந்தியும் அவர் மனைவியும் தலையாட்டினார்கள். முட்டை சேர்த்த கேக்கைக்கூடத் தொடாத குடும்பங்கள் இரண்டும்.

சமையல்காரி அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த நாட்டில் அவளுடைய இரண்டு வருஷ ஒப்பந்தம் இன்று மதியத்தோடு முடிகிறது. பெட்டி கட்டியாகிவிட்டது.

எட்டு மாதத்துக்கு முன்னால் இந்த ஓட்டலில் பாத்திரம் கழுவ ஒருத்தி இருந்தாள். உள்ளூர்க்காரி. பதினொரு வருஷம் சோப்புத் தண்ணீரில் கிடந்து கை வெளிறிப்போனவள். அவளுக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தை 'அக்கா'.

கூட்டம் ஓய்ந்ததும் அவளும் சமையல்காரியும் பின்படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஒருநாள் அந்தப் பெண் ஒரு ஜாடியிலிருந்து கறுப்பு விழுதை எடுத்து அக்காவின் சோற்றோரம் வைத்தாள்.

நனைந்த சாக்கும் பழைய செருப்பும் சேர்ந்தாற்போல வாடை. அந்தப் பெண்ணின் மனசு கோணக் கூடாதே என்று சமையல்காரி ஒரு துளி நாக்கில் வைத்தாள்.

முதலில் வெறும் உப்பு. விழுங்கிய பிறகுதான் ருசி வந்தது, ஆற அமர, அடித்தொண்டையிலிருந்து. நான்காம் நாள் இவளே கையை நீட்டிக் கேட்டாள்.

அந்த ஜாடி முதலாளி கண்ணில் பட்டுவிட்டது.

செத்த மிருகத்தைக் கொண்டுவந்து என் அடுக்களையில் வைத்திருக்கிறாள் என்று குதித்தார். ஜாடியைக் குப்பைத்தொட்டியில் எறிந்தார். எல்லாரும் பார்க்க அந்தப் பெண்ணை மண்டியிட வைத்து, அலமாரியை ஃபினாயில் போட்டு மூன்று தரம் தேய்க்க வைத்தார். தேய்த்து முடித்ததும், வெளியே போ என்றார்.

சமையல்காரி அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. தன் வேலையும் போய்விடுமே என்ற பயம். அந்தப் பயத்தை நினைக்க நினைக்கத்தான் அவளுக்குள் எரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி, விசாரித்து விசாரித்து அந்தப் பெண்ணின் வீட்டைக் கண்டுபிடித்தாள். திரும்பும்போது கைப்பையில் ஒரு ஜாடி இருந்தது. அப்புறம் எந்த ஞாயிறும் போகாமல் இருந்ததில்லை.

முதல் ஜாடி வந்த மறுநாளே கொதிக்கிற சாம்பாரில் ஒரு கரண்டி கரைத்துவிட்டாள். பெருங்காயத்துக்கு அடியில் அந்த வாடை போன இடம் தெரியவில்லை. பத்தே நாளில் ஜனங்கள் இட்லியை விட்டுவிட்டுச் சாம்பாரைக் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். முதலாளி தன் அம்மா படத்தோடு வாசலில் போர்டே வைத்துவிட்டார்.

இப்போது சமையல்காரி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். சாம்பார்க் கிண்ணங்களுக்கு நடுவே ஜாடியை வைத்து மூடியைத் திறந்தாள்.

"நீங்க தூக்கி எறிஞ்சீங்களே, அதுதான் முதலாளி. எட்டு மாசமா தினமும் ஒரு கரண்டி."

வாடை மேஜையைச் சுற்றி வந்தது. சம்பந்தியம்மாள் கரண்டியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள். சம்பந்தி கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு முதலாளியையே பார்த்தார்.

என்ன மிருகம் என்று முதலாளி கேட்டார். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். தெருவரைக்கும் பின்னாலேயே வந்து கேட்டார். அதை மட்டுமாவது சொல்லிவிட்டுப் போ என்று கும்பிடாத குறையாகக் கேட்டார்.

பஸ் வந்தது. அவள் திரும்பி அவர் முகத்தை நன்றாக ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

போன ஞாயிறுகூட அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து அவளே கைப்பட இடித்தது அது. வேகவைத்துப் புளிக்கவிட்ட மொச்சை, கல்லுப்பு, வெயில். வேறொன்றும் அதில் கிடையாது.

சொல்லாமல் ஏறிக்கொண்டாள்.