பத்தியில் இல்லாதது

சட்டக் கல்லூரி நுழைவுத்தேர்வுக்கு முயல் தயாராகிக்கொண்டிருந்தது. துணைக்குக் காடை உட்கார்ந்திருந்தது. ரீசனிங் பகுதிக்கு ஒரே விதிதான்: பத்தியில் கொடுத்ததை மட்டும் வைத்து விடை சொல்ல வேண்டும், நமக்குத் தெரிந்ததைச் சேர்க்கக் கூடாது.

முயல் புத்தகத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு படித்தது. "காற்று அடித்தால் மட்டுமே புதர் அசையும். புதர் அசைகிறது. ஆகவே?"

காடை கழுத்தை நீட்டிப் பார்த்தது. "நமக்குப் பின்னால இருக்கிற புதர் நிஜமாவே அசையுது. காத்தே இல்லையே!"

"காற்று அடிக்கிறது. அதுதான் விடை," என்றது முயல்.

"ஏதோ நாத்தம் வேற வருது. வா, போயிடலாம்."

"நாத்தம்னு பத்தியில ஒண்ணும் இல்ல. இப்படிக் கண்டதையும் சேர்த்துத்தான் போன வருஷம் உனக்கு மார்க் போச்சு."

காடை இருந்த பக்கம் ஏதோ படபடவென்று அடித்து ஓய்ந்தது. திறந்திருந்த பக்கத்தில் இரண்டு இறகுகள் வந்து விழுந்தன. முயல் அவற்றை ஊதித் தள்ளியது.

"விடை சரி," என்றது ஒரு குரல், முதுகுக்கு மிக அருகில். "அடுத்த கேள்வியைப் படி."

காடையின் குரல் இவ்வளவு கனமாக இருந்ததில்லை என்று முயலுக்குத் தெரியும். ஆனால் குரலைப் பற்றியும் பத்தியில் எதுவும் இல்லை.

அது பக்கத்தைத் திருப்பியது.